இலியேசாவின் இடது சிறுநீரகம்

அத்தை வாசிதி கொடுத்த சாறு நாலாம் நாள் வேலை செய்தது. இலியேசாவின் இடது விலாவுக்குக் கீழே கத்தி செருகியதுபோல் இருந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. கரும்புக் காட்டு ஓரத்தில் முளைத்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, இடித்து, துணியில் பிழிந்து, பச்சையாகக் குடிக்க வைத்திருந்தாள். ஒரே கசப்பு. ஆனாலும் குடித்தான்.

சிறுநீரகத்தில் இருந்த கல் போனால்தான் தங்கை அலுமிதாவுக்கு அவன் ஒரு சிறுநீரகம் கொடுக்க முடியும். குடும்பத்தில் அவனுடையது மட்டும்தான் அவளுக்குப் பொருந்தியது. வாராவாரம் லௌடோகா ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, முகம் சாம்பல் பூத்துத் திரும்பி வருகிறாள் அவள்.

மருந்து பலித்தால் கொடுத்தவருக்கு நன்றிக் காணிக்கை வைத்து முடித்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். பாயும், இடித்துக் கரைத்துப் போதைக்குக் குடிக்கும் யங்கோனா வேரும் கொண்டுபோய் அத்தை முன்னால் வைத்தான். அவள் கைகளைக் குவித்துத் தட்டி வாங்கிக்கொண்டாள். அதோடு நோய் முடிந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைக் காட்டுவது, அந்தப் பாயை அவள் முகத்தில் விட்டெறிவதற்குச் சமம்.

அலுமிதாவுக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது வழக்கமில்லை. அதிலும் அவன் மூத்திரத்தைப் பற்றி அவள் எப்படிக் கேட்பாள்? கணவன் தொமாசியிடம் சொல்லி அனுப்பினாள். மச்சான்கள் இருவருக்கும் கேலி இல்லாமல் பேச வராது.

"டேய் மச்சான், ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்றா. கல்லு வெளிய வந்தத நீ பாத்தியா?"

"தினம் உன் மூஞ்சியப் பாக்குறேன், அது பத்தாதா?"

"பாக்கவே இல்லையா?"

"கரைஞ்சு போயிருக்கும்டா. வலியே இல்ல. இது அத்தை காதுல விழுந்துச்சுனா, உன்னையும் இடிச்சுப் பிழிஞ்சிரும்."

"என்னப் பிழிஞ்சா யங்கோனாதான் வரும்."

சிரித்தார்கள். கேள்வி அங்கேயே செத்தது.

ஆறு மாதம் கழித்து, கரும்பு வெட்டு முடிந்தபின், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய சோதனைக்கு மூவரும் லௌடோகா போனார்கள். ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"வலி எப்ப நின்னுச்சு?"

"வெட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. சாறு குடிச்சேன், சரியாயிருச்சு."

"சரியாகல. கல்லு குழாய அடைச்சுக்கிட்டு அங்கயேதான் இருக்கு. அடைபட்டே கிடந்ததுல இடது கிட்னி செத்துப்போச்சு. அதான் வலிக்கல."

"வலது?"

"அது உங்களுக்கு வேணும்."

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பெஞ்சின் ஒரு ஓரத்தில் அலுமிதா இருந்தாள். அவன் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்தாள். தொமாசி சாப்பாடு வாங்கப் போயிருந்தான்.

தொமாசி ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தான்.

"என்ன மச்சான், பிரசவம் ஆச்சா? ஆணா, பொண்ணா?"

இலியேசா அவனை மட்டும் பார்த்துச் சொன்னான். "அவகிட்ட சொல்லிரு. கல்லு போகல. கிட்னிதான் போயிருச்சு. குடுக்குறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த அலுமிதா, கணவனைப் பார்த்தே பேசினாள்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க. மிச்சம் இருக்கிறதயாவது டாக்டர்கிட்ட காட்டிக்கச் சொல்லுங்க."

தொமாசி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றான். யார் பக்கம் திரும்புவதென்று அவனுக்குத் தெரியவில்லை.