சகலைகளின் கூட்டு எடை

என் வீட்டுக்காரரும் அக்காவின் வீட்டுக்காரரும் வேலை பார்ப்பது அந்தரத்தில். உயரமான கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடியைத் துடைக்கும் தொங்குமேடையில் ஒரு முனையில் இவர், மறுமுனையில் அத்தான். சகலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்கியே ஆகவேண்டும்.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. கல்யாணத்துக்குப் பிறகும் அக்காவும் நானும் பிரிந்ததில்லை. அதற்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, மேடையில் ஏறும் ஜோடிகளை வாளி, தண்ணீரோடு ஒன்றாக நிறுத்தி எடை போட்டார். எங்கள் ஜோடி மேடை தாங்குவதைவிட ஒன்பது கிலோ கூடுதல். இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் ஒருவரைத் தூரத்துக் கிளைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே ஆளுக்கொரு ஞானம் பெற்றார்கள். செல்போனில் யாரோ ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டு, மாவுச்சத்துதான் எமன் என்று இவர் முடிவுகட்டினார். சோறு, ரொட்டி, கிழங்கு மூன்றையும் பரம எதிரிகளாக்கி, முட்டையும் கறியுமாக உட்கார்ந்தார். அத்தானோ எதை வேண்டுமானாலும் தின்னலாம், கலோரிக் கணக்கு மட்டும் மீறக்கூடாது என்ற கட்சி. சின்னத் தராசு ஒன்றை வாங்கிவந்து, ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி எடை பார்த்தார். நகைக்கடைக்காரர்கூட அவ்வளவு நுணுக்கம் பார்க்கமாட்டார்.

இரண்டு சமையல் செய்து நானும் அக்காவும் நொந்து நூலானோம். அத்தான் தட்டைப் பார்த்து இவர் விஷம் என்பார். இவர் முட்டையில் மிதக்கும் வெண்ணெயைப் பார்த்து அத்தான் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் இருவர் தொப்பையும் வற்றுவதைப் பார்த்து நாங்கள் அடுப்படியில் ரகசியமாகச் சிரித்துக்கொண்டோம்.

எடை போடும் நாளில் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நாங்களும் போனோம். கிடங்கில் இருந்த பெரிய தராசில் இருவரும் வாளி, தண்ணீரோடு ஏறினார்கள். வரம்புக்கு இரண்டு கிலோ கீழே! அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். எப்படிக் குறைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டுத் தொலைத்தார். மொத்தமும் தன்னால்தான் குறைந்தது, சகலை சும்மா கூட நின்றார் என்று இருவரும் ஆரம்பித்தார்கள். தனித்தனியாக ஏறினால் தெரிந்துவிடும் என்றார் அதிகாரி. ஏறினார்கள். ஒன்றும் தெரியவில்லை. தொடக்கத்தில் தனித்தனியாக எடை பார்த்துக்கொள்ள இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

"ரெண்டு பேருமே முன்னைவிடக் கம்மியாத்தான் சாப்பிட்டீங்க. அதான் குறைஞ்சிருக்கு" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார்கள் இருவரும். இந்த இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

பிறகு மேடையில் பேச்சு நின்றது. வீட்டில் முகம் பார்ப்பதும் நின்றது. ஒருநாள் அத்தான் தானாகவே போய், மடையனோடு அந்தரத்தில் தொங்க முடியாது என்று சொல்லி மாற்றல் கேட்டு வாங்கிவந்தார். இவரும் அதே காரணம் சொல்லி மாற்றல் கேட்டிருந்தாராம். அத்தான் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது அக்காவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். சகலைகள் இருவரும் பீரோவை ஆளுக்கொரு முனையில் பிடித்து, எங்கும் நிற்காமல் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். முன்பானால் பாதி வழியில் மூச்சு வாங்கியிருக்கும்.

வண்டி தெருமுனையில் திரும்பியது.

"பாரு, ஆறே மாசத்துல மறுபடி ஊதிடுவாரு" என்றார் இவர். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, தனக்கு ரெண்டு முட்டை போதும் என்றார்.

"அடுப்பு அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா காலி செய்துவிட்டுப் போன அறைக்குள் போய் வெறுந்தரையில் படுத்துக்கொண்டேன்.