தனம், மேட்டுத் தெரு, ஒரு லோடு

2003-ஆம் வருஷம் மே மாதம் அனகாபுத்தூரில் கிணறுகள் எல்லாம் அடிப்பாறை தெரியக் காய்ந்து கிடந்தபோது, மேட்டுத் தெரு லோகநாதன் வீட்டு உறைக்கிணற்றில் மட்டும் மேலிருந்து மூன்றாவது உறை வரைக்கும் தண்ணீர் நின்றது. அது மழைத் தண்ணீரும் இல்லை, ஆற்று ஊற்றும் இல்லை. அவன் பெண்டாட்டி தனம் அவனிடம் சொல்லி, அவன் காதில் போட்டுக்கொள்ளாத பேச்சு அத்தனையும் ஐந்து வருஷமாக அதில் ஊறிக்கொண்டிருந்தது. காலையில் அவள் அடுப்படியிலிருந்து ஏதோ சொல்வாள், அவன் பேப்பரைப் பார்த்தபடி "சரி சரி" என்பான், கிணற்றில் ஒரு விரற்கடை ஏறும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போவார்கள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவன் ஒருத்தன்தான், அவன் அதைத் தன் ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

லோகநாதனுக்குத் தொழிலும் தண்ணீர்தான். பம்மல் மெயின் ரோட்டில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு போன், வாசலில் இரண்டு டேங்கர் லாரி. போன் அடித்தால் அவனுக்குப் பேர் வேண்டும், தெரு வேண்டும், எத்தனை லோடு என்று வேண்டும். வீட்டில் கல்யாணம், சாவு, பிள்ளைக்கு அம்மை என்று யாராவது ஆரம்பித்தால், "அதெல்லாம் வேணாம்மா, தெரு பேரச் சொல்லு" என்று வெட்டிவிடுவான். எந்த போனும் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது என்பதில் பெருமை வேறு. 1998 ஆடியில், எட்டு மாத வயிற்றோடு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய் தனம் அந்த போனுக்குத்தான் அடித்தாள். "நான் தனம் பேசறேன், மேட்டுத் தெருலருந்து. காலைலருந்து கொழந்த அசையவே இல்லீங்க, பயமா கீது, ஒடனே வாங்க" என்றாள். "நாளைக்கு சாயங்காலம் வந்துடும்" என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான். சீட்டில் எழுதினான்: தனம், மேட்டுத் தெரு, ஒரு லோடு. கட்டினவள் பேரை, தான் குடியிருக்கிற தெருவைத் தன் கையாலேயே எழுதினான், பாவி. அவன் ஏதோ வேலை மும்முரத்தில் சொல்லிவிட்டான், எப்படியும் வந்துவிடுவான் என்று அவள் பொழுது சாயும் வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் சாயங்காலம் டிரைவர் மாரி பூட்டிய வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். குழந்தை பெண். அழவே இல்லை.

அப்படி ஒரு போன் வந்ததே லோகநாதனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தனம் அதைச் சொல்லத்தான் பார்த்தாள். "அன்னிக்கு நான் போன் பண்ணப்போ" என்பதைத் தாண்டி ஒரு நாளும் அவளால் போக முடியவில்லை. "போனதப் பேசி இன்னா ஆவப் போவுது", "மேட்டர் இன்னான்னு சுருக்கமா சொல்லு" என்று அவன் வாயில் பதில் தயாராக இருந்தது. மிக்ஸி ரிப்பேருக்கும் அதே பதில், செத்த பிள்ளைக்கும் அதே பதில். அவளுக்கு வயிறு எரிந்தது. கிணறு நிறைந்தது.

அந்தக் கோடையில் அவன் கிணற்றில் மோட்டாரை இறக்கினான். தனத்தின் பேச்சு லோடு லோடாகக் குரோம்பேட்டைக்கும் அஸ்தினாபுரத்துக்கும் போனது. குடித்தவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. தாகம் தீர்ந்ததும் காதுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது, அவ்வளவுதான். காய்ச்சி வடிகட்டினாலும் குரல் போகவில்லை. தண்ணீர் கிடைப்பதே பெரிது என்று ஜனங்கள் பேசாமல் குடித்தார்கள். மேல் தண்ணீரில் புதுப் பேச்சு, அடித் தண்ணீரில் பழையது. மறுவருஷம் ஜூன் மாதம் அவன் மோட்டார் குழாயை இன்னும் ஆழமாக இறக்கியதில் அது அடித் தண்ணீரைத் தொட்டது. குரோம்பேட்டையிலிருந்து பள்ளிக்கூட டீச்சர் ஞானஜோதி போன் போட்டாள். "சார், உங்க தண்ணில ஒரு லேடி பேசறாங்க. குழந்தை அசையலன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க." "எத்தன லோடு மேடம்?" என்றான் லோகநாதன்.

மாரியிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஜோதி மேட்டுத் தெருவுக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்த தனம் "யாருங்க?" என்று கேட்டதுமே டீச்சருக்குக் குரல் தெரிந்துவிட்டது. "அன்னிக்கு யாருமே வரலையாம்மா உங்களுக்கு?" என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. தனம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கையில் காபி ஆறிப்போனது, அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவள் போனபிறகு தனத்துக்கு மனசு ஆறியிருக்க வேண்டும், ஆனால் ஆத்திரம்தான் பொங்கியது. முன்பின் தெரியாதவளுக்குக் கேட்டது, குரோம்பேட்டையில் பாதிக்குக் கேட்டது, கூடவே படுத்து எழுந்திருக்கிறவனுக்குக் கேட்கவில்லை. அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவன் கவனித்தான். அவளை இல்லை, கிணற்றை. மாதத்துக்கு ஓர் உறையாகத் தண்ணீர் இறங்கி, 2005 அக்டோபரில் சேறு தெரிந்தது. "கால்ல வோணா உழறேன் தனம், எதுனா பேசு, திட்டு, கெணறு காஞ்சிகினே போவுது" என்று கெஞ்சினான். எதற்காகக் கெஞ்சுகிறான் பாருங்கள். "யோவ்" என்றாள் தனம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி அவள் கூப்பிட்டதில்லை. பிறகு மூன்று நாள் ஓயாமல் பேசினாள். அவன் ஒரு வார்த்தையைக்கூடக் கேட்காமல், தண்ணீர் ஏறுகிற சந்தோஷத்தில் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கிணறு வழிந்து கூடத்துக்குள் வந்தது. வெளியே மழையும் ஆறும் ஊருக்குள் வந்திருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் நடுவில் எல்லா வீட்டிலும் வெள்ளம் வடிந்தது. லோகநாதன் வீட்டில் முழங்கால் தண்ணீர் அப்படியே நின்றது, மோட்டார் வைத்து இறைத்தாலும் ஊறியது. ஊரெல்லாம் தண்ணீர் என்பதால் லாரிக்கு வேலை இல்லை, போனும் செத்திருந்தது. அவன் கட்டில்மேல், அவள் சமையல் மேடைமேல். போக்கிடம் இல்லாததால்தான் அவன் கேட்க ஆரம்பித்தான், மனசு மாறி இல்லை. தண்ணீர்க்காரன் என்பதால் மட்டத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். கேட்பதுபோல் தலையை ஆட்டினான், ஏறியது. "சரி சரி" என்றான், ஏறியது. புத்தி சொன்னான், தொடை வரைக்கும் ஏறி மெத்தை நனைந்தது. "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான், ஒரு விரற்கடை இறங்கியது. மாரி கொண்டுவந்த சோற்றுப் பொட்டலங்களைத் தின்றுகொண்டு, மிக்ஸியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போனார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் தனம் பேச்சில் அந்த எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"அன்னிக்கு நான் போன் பண்ணப்போ" என்றாள். "போனதப்..." என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். "கொழந்த அசையல, ஒடனே வான்னேன். நாளைக்கு சாயங்காலம் வந்துடும்னு சொன்ன. வந்துச்சி. லாரி வந்துச்சி."

வீட்டுத் தண்ணீர் அத்தனையும் வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கி ஓடியது. கரும்பு வாங்கப் போனவர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு கடந்து போனார்கள். லோகநாதன் கட்டில்மேல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். தனம் அவனைத் தேற்றவில்லை. துடைப்பத்தை எடுத்துச் சேற்றைத் தள்ளினாள். அவனை மன்னித்தாயா என்று யாராவது கேட்டிருந்தால் அதே துடைப்பத்தால் அடித்திருப்பாள்.

2006 கோடையில் அவர்கள் கிணறும் ஊர்க் கிணறுகள் மாதிரி காய்ந்தது. தனம் பம்மல் போனுக்கு அடித்தாள். லோகநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு "சொல்லு" என்றான். அவள் இடுப்பு வலியைச் சொன்னாள், பரணில் குட்டி போட்ட பூனையைச் சொன்னாள், இருந்திருந்தால் பிள்ளை இந்த வருஷம் மூணாங்கிளாஸ் போயிருக்கும் என்றாள், கடைசியாகத் தண்ணீர் இல்லை என்றாள். அதற்குப் பத்து நிமிஷம் ஆனது. அவன் அறையைப் பூட்டிக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் லாரி வருவதற்கு முன்னாலேயே வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எட்டு வருஷம் லேட்டு" என்றாள் தனம்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். அடிப்பாறை காய்ந்தே இருந்தது.