எல்லைக் கமிட்டியும் கிளிமீனும்

தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கும் எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த அந்த ஆடியில், அமரவிளைக் கிளைக் கமிட்டிக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, உறுப்பினர்தான் இல்லை. தலைவர் ஞானையனின் டீக்கடையே அலுவலகம். சுற்றுவட்டாரக் கடிதங்களைத் தபால்காரர் அங்கே பலகையில் வைத்துவிட்டுப் போவார்.

புஷ்பபாய் தினமும் வந்து பார்த்தாள். கணவன் ரெத்தினதாஸ் படகுத் தச்சு வேலைக்கு மாலத்தீவு போய் ஒன்றேகால் வருஷம். பிள்ளையை அவன் இன்னும் பார்க்கவில்லை. அவன் வந்துதான் ஞானஸ்நானம் என்று அவளுக்குப் பிடிவாதம். அதை ஆவணியில் வைப்பதா, மார்கழியிலா, ஞாயிற்றுக்குள் சொல் என்றுவிட்டார் போதகர்.

"இன்னைக்கும் ஒண்ணும் இல்லியா மாமா?"

"கடிதம் பாக்க நேரமில்ல மக்கா. சதி ஒண்ணு பிடிச்சிருக்கோம்" என்றார் ஞானையன், மேடைக் குரலில். "பலகையில கிடந்து, மழையில நனைஞ்சு பேரு அழிஞ்ச தாளு. ஒரு வளையம். உள்ளே 'முட்டளவு', வெளியே 'பாதாளம்', ஓரத்தில பெருக்கல் குறி. வளையம் நம்ம பாறசாலை ஊரு. குறி போலீஸ் முகாம் ஆக்கும். பின்பக்கம் முழுக்க ரகசியப் பரிபாஷை. நேத்தே நாகர்கோவில் தலைமைக்கு அனுப்பியாச்சு."

புஷ்பபாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, அது எங்க வீட்டுக்காரரு இருக்கிய தீவு. பிள்ளைக்குக் காட்டப் படம் போட்டு விடுவேன்னு எழுதியிருந்தாரு."

கமிட்டி கூரையைப் பார்த்தது.

"பின்பக்கம் என்ன எழுதியிருந்துது?"

"தலைவருக்கு மனப்பாடம்" என்றார் செயலாளர் கிருஷ்ணன்குட்டி. "ரகசியம் கண்டுபிடிக்க நாலு தடவை படிச்சாரு."

"அப்போ சொல்லுங்க."

ஞானையன் எழுந்து துண்டைச் சரிசெய்தார்; பழக்கதோஷம். ஒருபிடி மண்ணும் விடோம் என்று முழங்கிய குரல் முதல் வரியிலேயே முணுமுணுப்பானது.

"என்... பொன்னே."

"கேக்கல்ல" என்றார் கிருஷ்ணன்குட்டி.

"என் பொன்னே! இந்த வளையம் பவளம் கட்டின மதில். உள்ளே கடலு முட்டளவில குளம்போலக் கிடக்கும். இஞ்ச கிளிமீன்னு ஒண்ணு உண்டு. பவளத்தக் கடிச்சுத் தின்னு மணலா வெளிய விடும். பெருக்கல் குறி போட்ட எடத்தில நான் படுக்கிய மண்ணு அது விட்டதாக்கும்."

"கிளிமீன்னா சி.ஐ.டி.ன்னுல்லா தலைமைக்கு எழுதினீரு?" என்று இடைமறித்தார் செயலாளர்.

"சும்மா இரும் ஓய். தென்மேற்குக் காத்தில கரை மணலு கிழக்கே போவும். வாடையில மேற்கே திரும்பி வரும். தீவே நெளியும். யாரும் எல்லை அளக்க வரமாட்டாவ." தலைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "வரமாட்டாவ" என்றார் மறுபடியும், தனக்கே.

"பெறவு?"

குரல் மேடையைவிட்டு இறங்கியிருந்தது. "மணலு கிழக்கே போற காத்திலதான் படகும் கிழக்கே வரும். ஆவணியில நானும் வாறேன். பிள்ளைக்கு எத்தன பல்லு முளைச்சுதுன்னு எழுது."

"நாலு" என்றாள் புஷ்பபாய், அவரிடமே. கண்ணைத் துடைத்துக்கொண்டு போதகர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

ஞானையன் கமிட்டித் தாளை எடுத்து எழுதினார்: 'மேற்படி சதியை உடனே திருப்பி அனுப்பவும். பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.'

கிருஷ்ணன்குட்டி 'அவசரம்' முத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார்.