லூசியன் சாயிப்பின் உம்

ஆற்றுக்கால் பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஆரியசாலை லிங்கராஜின் மிளகாய் மண்டியில் ஒரு வெள்ளைக் குதிரை முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது. பதினேழு நாள் அப்படியே நின்றது. பெருவெள்ளம் வந்ததற்கு முந்தின வருஷம் அது. குண்டு மிளகாய் அன்றைக்குக் கிலோ நூற்றுப் பத்து. அந்தக் குதிரை, மண்டியில் வேலை செய்யும் மாடம்மாள் சொன்ன கதையில் உள்ளது. ராஜாவிடமிருந்து தப்பி ஓடி வந்து, ஆற்றைத் தாண்டக் காலைத் தூக்கியது. கதை கேட்டுக்கொண்டிருந்த லூசியன் சாயிப்பு 'உம்' கொட்டவில்லை. அதனால் தாண்டவில்லை.

லூசியன் பிரான்சில் பேர் போன தத்துவ ஆசிரியர். ராஜா ராணிக் கதைகளையும் தேவதைக் கதைகளையும் நாற்பது வருஷம் ஆராய்ந்து மூன்று தடித்த புத்தகங்கள் எழுதியிருந்தார். கதை தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறது, கேட்கிறவர் சுவர் மாதிரி இருந்தால் போதும் என்பது மூன்றின் சாரம். அதற்கு அவருக்குப் பதக்கமும் கொடுத்தார்கள். மனைவி எலேன் இறந்தபின் அந்த வீட்டில் தனியே இருக்க முடியாமல், அறுபத்தாறு வயதில் திருவனந்தபுரம் வந்து மண்டியின் மாடியில் அறை எடுத்தார். வாடகை ஏன் குறைவு என்று முதல் நாளே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் தும்மினார். கீழே இருபது வருஷமாக மிளகாய்க் காம்பு கிள்ளும் சங்கரன்கோவில் பக்கத்து மாடம்மாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கதை சொல்வாள் என்று கேள்விப்பட்டு, நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி வந்தார். சுவர் மாதிரி உட்கார்ந்தார்.

மாடம்மாள் குதிரையை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, உம்முக்காகக் காத்திருந்தாள். சாயிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது மூட்டைகளுக்கு நடுவே குதிரை நின்றது.

லிங்கராஜ் 'உம்' சொல்லிப் பார்த்தார். சுமைக்காரர்கள் சேர்ந்து சொன்னார்கள். குதிரையின் காது மட்டும் அசைந்தது. கதை யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர்தான் சொல்ல வேண்டும். பொங்கலன்று தெருவெல்லாம் அடுப்புக்கல் வைத்த பெண்கள் அதற்கும் ஒரு இலையில் பாயசம் வைத்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், இப்படி நிற்கிற குதிரைக்கு என்ன லைசென்ஸ் என்று தனக்கே தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

"சாரே, ஒரு உம்முதானே. குடுத்துட வேண்டியதுதானே" என்றார் லிங்கராஜ்.

லூசியன் கொடுத்தார். ஒரு நாளைக்கு முந்நூறு உம் கொடுத்தார். குதிரை காதைக்கூட அசைக்கவில்லை.

"வாயி சொல்லுது, மனசு சொல்லல்ல" என்றாள் மாடம்மாள். "அடுத்து என்னன்னு உங்களுக்குத்தான் அறியுமே. பின்ன உம்மு எப்பிடி வரும்?"

அது உண்மை. ஆற்றைத் தாண்டிய குதிரைகள் நானூற்றுப் பன்னிரண்டை அவர் பட்டியல் போட்டு வைத்திருந்தார். இதுவும் தாண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்க அவர் படித்த படிப்பில் வழியில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

பதினேழாம் நாள் குதிரையின் முழங்கால் வீங்கிவிட்டது. லூசியன் அதன் காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடம்மாள் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உங்க வீட்டு மதாம்மா பேசுனா உம் கொட்டுவீங்களா சாயிப்பே?"

அவர் தம் புத்தகத் தமிழில் சொன்னார்: "சனிக்கிழமைகளில் எலேன் சந்தையிலிருந்து வந்து கூடையை வைத்துவிட்டுப் பேசுவாள். அவள் என்ன சொல்வாள் என்று தெரியும் என நினைத்து நான் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை, 'இன்றைக்குச் சந்தையில் ஒருத்தியைப் பார்த்தேன்' என்று தொடங்கினாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். நிறுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள்."

"உம்" என்றாள் மாடம்மாள்.

மூட்டைகளுக்கு நடுவே எலேன் நின்றாள். கையில் கூடை, தலைமுடியில் மழை ஈரம், பாதி திறந்த வாய். குதிரையாவது பதினேழு நாள்தான் நின்றது. அவள் ஆறு வருஷமாக நின்றிருந்தாள்.

அவள் யாரைப் பார்த்தாள் என்று லூசியனுக்குத் தெரியாது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. ஆறு வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"உம்?" என்றார்.

எலேன் பிரெஞ்சில்தான் சொன்னாள். மண்டியில் எல்லோருக்கும் புரிந்தது. சந்தையில் பழக்காரி ஒருத்தி தராசின் பக்கத்தில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாளாம். வந்தவர்கள் தாங்களே எடை போட்டு, பேரத்தைத் தங்களுக்குள் கிசுகிசுத்து முடித்து, காசை அவள் மடியில் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போனார்களாம். எலேன் அவள் எழும்வரை பக்கத்தில் நின்று ஈ ஓட்டினாளாம். அவ்வளவுதான். லூசியன் சிரித்தார்; பிறகு குழந்தை மாதிரி அழுதார். நம்ம சாலைக் கடைத்தெருவில் இது நடக்காது என்றார் லிங்கராஜ். அதே உம்மில் குதிரையும் அவர் தோளிலிருந்து காலை எடுத்து எந்த நேரத்தில் தாண்டியது என்று யாரும் கவனிக்கவில்லை. தரையில் கணுக்கால் அளவு ஆற்றுத் தண்ணீர் கிடந்தது. நனைந்த இரண்டு மூட்டையை வெயிலில் பிரித்துப் போட்டார்கள்.

மாடியில் அவரோடு குடியேறிய மதாம்மாவும் ஒரு மாதம் தும்மினாள். சாயிப்பின் உம் நின்றால் அவளும் நின்றுவிடுவாள். மாடிப்படியில் ஒரு கால் தூக்கியபடியோ, கரண்டியைச் சட்டிக்குமேல் பிடித்தபடியோ. அதனால் லூசியன் நான்காவது புத்தகத்தை எழுதவில்லை. ஏழு வருஷம் உம் கொட்டினார். மீன் வாங்கப் போகையில் கொட்டினார், பொன்முடி மலை வளைவுகளில் பஸ் சாயும்போதும் கொட்டினார். அத்தனை சந்தோஷமாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

போன கர்க்கடக மாத மழையில் படுக்கையில் விழுந்தார். சாவதற்கு அவருக்குப் பயமில்லை. தாம் போனால் எலேன் மறுபடியும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாளே என்றுதான் பயந்தார். மாடம்மாளைக் கூப்பிட்டு அதைச் சொன்னார்.

"அதுக்கென்ன சாயிப்பே, கடைசி உம்ம நல்லா நீட்டிச் சொல்லிட்டுப் போங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எலேன் எதிர்க்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, லூசியன் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து 'உம்' என்றார். மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள். உம் முடியவில்லை. மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரில் காது வைத்துப் பார்த்துவிட்டு, லைனில் கோளாறில்லை என்று சொல்லிப் போனார். மதாம்மா மாடியில் பேசிக்கொண்டிருக்கிறாள். மாடம்மாள் மத்தியானம் சோறு கொண்டுபோனால், பேச்சை நிறுத்தாமல் கையைக் காட்டி உட்காரச் சொல்கிறாள்.

சாயிப்பு இருக்கிறாரா என்று அவ்வப்போது வெளிநாட்டு மாணவர்கள் வந்து கேட்கிறார்கள்.

"உண்டு, மேல கேட்டுக்கிட்டிருக்காரு" என்கிறார் லிங்கராஜ்.