அறுபத்திரண்டு டிகிரி

வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றியபோது, அதன் பின்னால் சுவர் வெளிர் பச்சையாக இருந்தது. கூடம் முழுக்க வெள்ளையடித்தவர் அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டிருந்தார்.

"பாத்து எடுடீ. உள்ள பாதரசம் இருக்கு. கொட்டினா நீதான் தரையத் தொடைக்கணும்," என்றாள் மார்லிஸ் அக்கா. இரண்டு ஸ்வெட்டர் போட்டு, கைகளை அக்குளில் செருகியிருந்தாள்.

அவள் கணவர் ஆர்வோ போன மார்ச்சில் இறந்தார். உறைந்த ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது இதயம் நின்றுவிட்டது. குளிர்காலம் திரும்பி வந்ததிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் வீடு சில்லிட்டுப் போகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைப்பாள். இருட்டியதும் போய்ப் பார்த்தால் முள் அறுபத்திரண்டில் நிற்கும். அறுபத்திரண்டு என்றால் மூச்சு புகையாகத் தெரியாது, அவ்வளவுதான். அதுதான் அத்தானின் எண். "ஸ்வெட்டர் எதுக்கு இருக்கு?" என்பார்.

அக்காவின் விரல்களுக்குக் குளிர் ஆகாது. மெழுகு மாதிரி வெளுத்து மரத்துப்போகும். வீட்டைச் சூடாக வைக்காவிட்டால் விரல்களே கெட்டுப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் வீட்டையே விற்றுவிட முடிவு செய்திருந்தாள்.

"எனக்குப் போக மனசே இல்ல, ரோக்ஸி. ஆனா அவர் போகமாட்டேங்கறார். அப்ப நான்தானே போகணும்?"

"பழைய பொட்டிக்கா. சுவர் சாஞ்சிருக்கும், முள் நழுவுது. நான் புதுசு மாட்டித் தரேன். டுலூத்ல என் வீட்டுல இருந்தே போன்ல பாத்துக்கறேன்."

சுவரிலிருந்து சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. புதியதற்குத் திரை எரிய இன்னொன்றும் வேண்டும். துளைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். எதிலும் சேராத ஒரு நீல ஒயர் மடித்துச் செருகிக் கிடந்தது. என்றாவது தேவைப்படும் என்று அத்தான் விட்டுவைத்தது. கீழ்த்தளத்துக்குப் போனேன். வீட்டுக்குச் சூடான காற்று அனுப்பும் ஃபர்னஸின் மூடியைத் திறந்தால் அங்கேயும் அதே நீலம், கேபிளைச் சுற்றிக் கட்டியபடி. அதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"இருட்டுல என்னடீ பண்றே?" என்று மேலிருந்து அக்காவின் குரல். சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. விளக்கு எரியவில்லை. என் விரலடியில் நீலமும் சிவப்பும் உரசி ஒரு பொறி பறந்தது. அந்த வீட்டில் கீழ்த்தளப் படிக்கட்டு விளக்குக்கும் ஃபர்னஸுக்கும் சுவிட்சுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் அணைத்து வைத்ததை அவள் போட்டுவிட்டாள்.

"ஃபியூஸ் போச்சு."

அவள் சுவிட்சை மறுபடி அணைத்தாள். பிறகு, "அவர் வேலைதான்," என்றாள். சிரித்தாளா என்று படிக்கட்டின் அடியிலிருந்து தெரியவில்லை.

கார்களில் இருக்கும் அதே சின்ன ஃபியூஸ்தான். என் கார் ரேடியோவுக்கானதைப் பிடுங்கி வந்து மாட்டினேன். நீலத்தை அதன் இடத்தில் முடுக்கினேன். மேலே வந்து புதியதைச் சுவரில் மாட்டியதும் அதன் கண்ணாடி வட்டம் ஒளிர்ந்தது. ஓரத்து வளையத்தைத் திருப்பி எழுபது வைத்தேன். கீழே ஃபர்னஸ் உறுமியது. ரேடியோ வேலை செய்யாத காரில், பைன் மரங்களின் நடுவே ஒரு சத்தமும் இல்லாமல் வீடு திரும்பினேன்.

மறுநாள் பொழுது சாயும்போது என் போன் அதிர்ந்தது. 'சுவரில் மாற்றப்பட்டது: 62' என்று திரையில் செய்தி.

"பாத்தியா?" என்றாள் அக்கா போனில். "புதுசையும் கத்துக்கிட்டார்."

இங்கிருந்தே எழுபதுக்கு ஏற்றினேன். அடுத்த நாளும் அதே நேரம், அதே எண். யாரோ அந்தக் கூடத்தில் நின்று கையால் திருப்பியிருக்கிறார்கள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை அங்கேயே தங்கிவிட நினைத்துப் பையோடு போனேன். சமையலறையில் காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சர்ச் விருந்துக்கு பெவர்லி என்று ஒருத்தி கொண்டுவந்த ஜெல்லியைப் பற்றி அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுல கேரட்டைத் துருவிப் போட்டு, மேல..." என்றவள் எழுந்தாள். பொழுது சாய்ந்து, ஜன்னலில் பனி நீலமாகியிருந்தது. கூடத்தில் தெர்மோஸ்டாட்டிடம் போனாள். வளையத்தைத் திருப்பினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, "...மேல மயோனீஸ் வேற. யாரு தின்பா?" என்று முடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

"குளிருதுல்ல? வந்துட்டார்."

"அக்கா, நீதான் கொறச்சே. இப்ப."

"போடி, பைத்தியம்."

"நான் பாத்தேன்க்கா. முந்தியும் இப்படித்தானே, அத்தான் சுரங்க வேலைக்குப் போயிருக்கறப்ப எழுபது வைப்பே. அவர் வண்டி திரும்பறதுக்குள்ள ஓடிப்போய்க் கொறப்பே. நான் வந்திருந்தா ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு சிரிப்போமே."

"அது விளையாட்டுடீ. அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்." தன் கையையே பார்த்தாள், வேறு யாருடையதோ போல. "நான் இல்ல. நானா இருந்தா எனக்குத் தெரியாதா?"

"போன்லயே பூட்டலாம். சுவர்ல யாரு திருப்பினாலும் மாறாது."

"பூட்டு. அவரா நானான்னு பாப்போம்."

மறுநாள் நான் உருளைக்கிழங்கு சீவினேன், அவள் நறுக்கினாள். வெளிச்சம் வடிந்தது. கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். நான் பின்னாலேயே போனேன். வளையத்தைத் திருப்பினாள். எண் அசையவில்லை. குட்டிப் பூட்டுப் படம் மட்டும் மினுங்கியது. மறுபடி திருப்பினாள், இன்னும் வேகமாக.

"ரோக்ஸி, திறடி. வந்துடுவார்."

பல வருஷம் முந்தைய அவசரக் குரல் அது. போன் என் கையில்தான் இருந்தது. திறந்துவிடலாம் என்று இருந்தது. திறக்கவில்லை. அவள் வளையத்தில் கை வைத்தபடியே வாசல் பக்கம் காதைத் திருப்பினாள். நானும் கேட்டேன். பனி மேல் டயர் நெரியும் சத்தத்துக்கு, கதவு அறையும் சத்தத்துக்கு. கூடம் இருண்டு அவள் முகம் மறைந்தது. காலடியில் ஃபர்னஸ் எரியத் தொடங்கியது.

"உனக்கு ஏதாவது கேக்குதா?"

"இல்லக்கா."

"எனக்கும் கேக்கல."

கையை எடுத்தாள். இத்தனை மாதமும் எண்ணைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டதால், அவர் வண்டி வராத அமைதியை அவள் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வரல," என்றாள். பிறகு சுவரோடு சரிந்து, தரையில் சூடான காற்று வரும் கம்பித் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல்களை அதன் மேல் விரித்தாள்.

"வீட்ட வித்துத் தர்றேன்னு சொன்ன அந்த ஏஜெண்ட் பொண்ணுகிட்ட வர வேண்டாம்னு சொல்லிடு. என்னால இப்ப யார்கூடவும் பேச முடியாது."

"சரிக்கா."

"பூட்டு அப்படியே இருக்கட்டும்."

விளக்கைப் போடாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.