கொடிக்கம்பு அசையாமல் நின்ற காலை

குளத்தைப் பார்க்க வந்த பிள்ளைகள் முதலில் தலைமையாசிரியரைப் பார்த்தாக வேண்டும் என்பது அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம். காட்டுக்குப் போனாலும் சரி, விதைப் பண்ணைக்குப் போனாலும் சரி, பேருந்தை விட்டு இறங்கியதும் வரிசை. வரிசைக்கு முன்னால் அவர். அவர் கையில் பள்ளிக்கொடி. அவருக்குப் பின்னால், மிச்சமிருக்கும் இடத்தில், இயற்கை.

கொடியை வேறு யாரிடமும் தரமாட்டார். ஒருமுறை விளையாட்டு மாஸ்டர் பிடித்திருந்தபோது காற்றடித்து, புகைப்படத்தில் கொடி தலைமையாசிரியரின் முகத்தை மூடிவிட்டது. வந்தது யார் என்றே தெரியாத அந்தப் படத்தை அலுவலகச் சுவரில் எப்படி மாட்டுவது? அன்றிலிருந்து மூங்கில் கம்பை அவரே ஊன்றி, அவரே பிடித்துக்கொள்கிறார். முக்கியமான வாக்கியம் வந்தால் கம்பைத் தரையில் ஒரு குத்துக் குத்துவார். அவர் பேச்சில் எல்லா வாக்கியமும் முக்கியமானதுதான்.

அறிவியல் டீச்சருக்கு அன்று ஒரே ஓர் ஆசை. தும்பியின் குஞ்சு தண்ணீரைவிட்டு ஏறிவந்து, முதுகு வெடித்து, சிறகோடு வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அதைக் கரும்பலகையில் வரைந்துவருகிறார். பாடப்புத்தகத்தைப் பார்த்துத்தான். போன வாரம் வரைந்து முடித்துக் கையைத் தட்டியபோது, வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பெண் எழுந்து கேட்டாள்: "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

"இல்லம்மா."

"அப்ப புக்குல இருக்கறவங்க பாத்திருப்பாங்களா?"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் அன்று ராத்திரி படுத்தபிறகும் அந்தக் கேள்வி காதுக்குள் கொசுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்று குளத்தின்மேல் பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத வெளுப்பு. அக்கரை மரங்கள் பாதி துடைத்துவிட்ட கோடுகளாக நின்றன. ஏதோ ஒரு பறவை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, தப்பாகக் கூப்பிட்டோமோ என்று அடங்கிப்போனது. தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னணி அவருக்குத் திருப்தி. நீரோரச் சேற்றில் கம்பை ஊன்றினார், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"மாணவச் செல்வங்களே! விஞ்ஞானம் என்றால் என்ன? கூர்ந்து நோக்குதல்!" குத்து. "கண்ணைத் திறந்து வைத்திருப்பவனே விஞ்ஞானி!" இன்னொரு குத்து.

இன்றைக்கும் இப்படியே போய்விடும் என்று டீச்சர் மனசுக்குள் நொந்துகொண்டார். வெயில் ஏறிவிட்டால் குஞ்சு எதுவும் மேலே வராது. அவர் கால்மாற்றி நின்று பெருமூச்சு விட்டபோதுதான் அதைப் பார்த்தார்.

கம்பின் அடியில், சேற்று நிறத்தில், ஆறு கால்களோடு ஏதோ ஒன்று தண்ணீரிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. குளத்தைச் சுற்றி எத்தனையோ கோரைப்புல் நிற்க, அதற்குப் பிடித்தது பள்ளிக்கொடியின் கம்பு. முழங்கால் உயரத்துக்கு வந்து, நகங்களை மூங்கிலில் பதித்து, அப்படியே நின்றுவிட்டது. படத்தில் இருந்தது போலவே. படத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது: அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் அடுத்த குத்துக்குக் கம்பைத் தூக்கப் போனார்.

"சார்!" டீச்சர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "வீடியோ எடுக்கிறோம் சார். கம்பை மட்டும் அசைக்காம பிடிச்சீங்கன்னா ரொம்ப கம்பீரமா இருக்கும்."

"யாரு எடுக்கறது?"

டீச்சர் விளையாட்டு மாஸ்டரின் முழங்கையை இடித்தார். ஒன்றும் புரியாத மாஸ்டர் போனைத் தூக்கினார். டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே சாய்த்தார். மாஸ்டரின் புருவம் ஏறியது. "அடேயப்பா," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

தலைமையாசிரியர் சிலையானார். வாய் மட்டும் நடந்தது.

செய்தி வரிசையில் முழங்கை வழியாகப் பரவியது. வழக்கமாகக் கொட்டாவியும் கிள்ளலுமாக இருக்கும் வரிசை அசையாமல் நின்றது. அத்தனை கண்ணும் அவர் முழங்காலருகே. அவர் கவனித்தார். தன் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் இப்படித் தலைகுனிந்து நின்று அவர் பார்த்ததேயில்லை. இருந்தாலும் பேச்சாளருக்கு ஆடுகிற தலை ஒன்றாவது வேண்டுமே. கண்ணால் தேடினார். கிடைக்காமல் தடுமாறினார். பேச்சு இழுத்தது.

டீச்சர் சட்டென்று நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். பேச்சு மீண்டும் ஓடத் தொடங்கியது. குனிந்தார், நின்றது. நிமிர்ந்தார், ஓடியது. விஷயம் விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்த காட்சி ஓர் எட்டுத் தூரத்தில் நடக்கிறது. அது நடந்து முடிய வேண்டுமானால் தலைமையாசிரியரின் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்தார். பிள்ளைகளின் மூச்சு ஒருசேர நின்றபோது முதுகு வெடித்தது தெரிந்தது. "ஐயோ, தலைகீழா தொங்குது," என்று யாரோ கிசுகிசுத்தபோது பாதி உடம்பு வெளியே வந்தது தெரிந்தது. டீச்சர் தலையாட்டினார். கண் ஓரத்தில் ஈரம் சேர்ந்தது. அதையும் தலைமையாசிரியர் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

"ஆகவே..." என்றார் அவர்.

அந்தச் சொல் வந்துவிட்டால் அடுத்தது நன்றிதான், அதற்கடுத்துக் கொடியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொள்வார்.

"சார், நீங்க சின்னப் பிள்ளையா இருக்கறப்ப குளத்துக்கெல்லாம் போவீங்களா?"

இதற்கு அவரிடம் தயார் வாக்கியம் இல்லை. பனி அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது.

"போனதில்லம்மா," என்றார், மேடைக்குரல் கழன்றுபோய். "எங்கம்மாவுக்குத் தண்ணின்னா பயம். ஜன்னல்ல உக்கார வச்சிருவாங்க. எதுத்தாப்ல ஒரு குட்டை. பசங்க எதையோ பாத்து கத்துவாங்க. என்னத்தப் பாத்துக் கத்துறாங்கன்னு மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது."

பின்வரிசையிலிருந்து யாரோ நழுவிவந்து டீச்சருக்கு முன்னால் நின்றார்கள். ரேடியோ.

"நீங்க பாருங்க டீச்சர்," உதடு அசையாமல் சொன்னாள். "நான் தலையாட்டுறேன்."

"நீ பாக்க வேணாமா?"

"முதுகு வெடிச்சதப் பாத்துட்டேன். பாருங்கன்னா."

முகத்தை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்து, அவள் தலையை ஆட்டத் தொடங்கினாள். அப்படி ஒரு ஆட்டம். தலைமையாசிரியர் ஜன்னலைப் பற்றியும் குட்டையைப் பற்றியும் அவளுக்கே சொல்லிக்கொண்டு போனார்.

டீச்சர் குனிந்தார்.

நனைந்து சுருட்டிய காகிதம்போல இருந்தன சிறகுகள். அவை விரிவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருமுறை இமைத்துத் திறந்தபோதும் இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தன. பால்நிறம் மெல்லத் தெளிந்து கண்ணாடியானது. பனிக்குள்ளிருந்து வெயில் ஒரு விரல் நீட்டி அதைத் தொட்டது. பக்கத்தில் வெறும் கூடு, கால் நகங்கள்கூடக் குறையாமல், இன்னும் தான்தான் தும்பி என்பதுபோல விறைப்பாகக் கம்பைப் பிடித்திருந்தது. சிறகுகள் ஒருமுறை நடுங்கின. எழும்பியது. தலைமையாசிரியரின் காதை உரசிக்கொண்டு வெளுப்புக்குள் போய் மறைந்தது.

கைதட்டல் குளத்தை எழுப்பிவிட்டது. தலைமையாசிரியர் தலைவணங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேரம் போனதே தெரியல," என்றார் டீச்சரிடம், கொஞ்சம் வெட்கத்தோடு. "குளத்தைப் பாக்க விடாமப் பண்ணிட்டேனோ?"

"அதெல்லாம் இல்ல சார். கொடியக் குடுங்க, நான் கொண்டுவர்றேன்."

யாருக்கும் தராத கொடியை அன்று அவர் தந்துவிட்டார்.

பேருந்தில் முன்சீட்டிலிருந்து குரல் வந்தது: "மாஸ்டர், அந்த வீடியோவ பெரிய திரையில போட்டுரலாமா?" மாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது.

டீச்சர் கடைசி சீட்டில் கம்பை மடியில் சாய்த்து, கூட்டின்மேல் கை படாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ கழுத்தைத் தேய்த்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"சுளுக்கிருச்சு டீச்சர். சார் நிறுத்தவே இல்ல." கூட்டைக் குனிந்து பார்த்தாள். "றெக்கை எப்படி வந்துச்சு?"

ஜன்னல் கண்ணாடி மூச்சுப்பட்டு மங்கியிருந்தது. டீச்சர் விரலை வைத்தார். வழக்கமான படத்தின் முதல் கோட்டைப் போட்டார், நிறுத்தினார், உள்ளங்கையால் அழித்தார்.

"அப்படி இல்ல," என்றார். "இரு, சொல்றேன்."