முழுசாகக் கூழாகும் பை

என் அண்ணன் பொய் சொன்னால் காது சிவந்துவிடும் என்று எங்கள் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். பெற்ற வாய், சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அவன் எத்தனை புளுகு புளுகினாலும் காது காதாகத்தான் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்து நின்றான். ஒரு பழுப்புக் காகிதப் பையை என் மேஜைமேல் வைத்தான். அதன் பக்கத்தில் அச்சடித்த தாள் ஒன்றை வைத்து, என் பேனாவையே எடுத்து என்னிடம் நீட்டினான்.

"கையெழுத்தைப் போடு. கீழே உன் பேரு, மில் பேரு. அவ்வளவுதான்."

"என்னன்னு படிக்க விடுவியா, இல்ல கைநாட்டு வாங்கிட்டுப் போறியா?"

படித்தேன். 'இந்தப் பை எங்கள் ஆலையில் முழுமையாகக் கூழாகி மீண்டும் காகிதமாகிறது என உறுதி அளிக்கிறேன்' என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் நடத்துவது பழைய காகித மில். தெருத்தெருவாகச் சேர்ந்து வரும் அட்டை, காகிதம் எல்லாவற்றையும் ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் கொட்டி, வெந்நீர் விட்டு, அடியில் சுற்றும் இறக்கையால் அடித்துக் கூழாக்குவோம். அந்தக் கூழ்தான் திரும்ப அட்டையாகும். தொட்டிக்குள் மேலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கும். காகிதத்தோடு கலந்து வந்துவிடுகிற பிளாஸ்டிக், கம்பி, நூல் எல்லாம் போய் அந்தக் கயிற்றில் சுற்றிக்கொள்ளும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வால். வால் பருத்துவிட்டால் மெஷினை நிறுத்தி, பாரம் இழுக்கும் வின்ச் போட்டு வெளியே இழுத்து, வெட்டி எறிய வேண்டும். முதுகை ஒடிக்கிற வேலை.

என் அண்ணன் பை செய்கிறவன். அவனுடைய பைகள் ஒரு கட்டு வந்தால் போதும், அன்றைக்கு வால் என் இடுப்பளவு பருத்துவிடும். வெளியே பார்த்தால் காகிதம். உள்ளே வழவழவென்று பிளாஸ்டிக் ஒட்டு. காகிதம் கரைந்துபோகும், ஒட்டு மட்டும் என் உயிரை எடுக்கும். மற்ற மில்காரர்கள் அந்தப் பைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கூடப் பிறந்த பாவத்துக்கு நான் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு இப்போது பெரிய இடத்து வியாபாரம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விற்கிற கம்பெனி. இனிமேல் பிளாஸ்டிக் பாக்கெட் வேண்டாம், காகிதப் பையில் அடைத்து விற்கலாம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அதோடு விட்டார்களா? பையை யார் செய்கிறார்கள், காலியான பிறகு அது எங்கே போகிறது, யார் அதை மறுபடி காகிதமாக்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஜனங்களுக்குத் திறந்து காட்டப் போகிறார்களாம். பையின் முதுகில் ஒரு சதுரக் கட்டம் இருக்கும். போனை நீட்டினால் என் முகமும் என் கையெழுத்தும் வரும்.

"உன் ஒட்டுப் பைக்கு நான் உறுதி குடுக்கணுமா? வாரா வாரம் மெஷினை நிறுத்தி உன் பையைத்தானே அறுத்துப் போடறேன்!"

"எவன் வந்து உன் தொட்டியில எட்டிப் பார்க்கப் போறான்?"

"நான் தினமும் எட்டிப் பார்க்கறேனே."

"பெரிய யோக்கியை" என்றான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

மில் நிற்கிற கொட்டகையும் அதன் மண்ணும் அவன் பேரில் இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு மண் என்று அப்பா அப்படி எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மெஷின் மட்டும்தான் எங்களுடையது, என் நகையைத் தின்றுவிட்டு வந்தது.

"இந்த ஆர்டர் எனக்குக் கிடைக்காம போச்சுன்னு வை, கொட்டகையை வேற ஆளுக்கு விட்டுடுவேன். அப்புறம் உன் தொட்டியைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு அலை."

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சு இது. நான் தாளை அவன் மார்மீது தள்ளினேன்.

"சரி, வியாழக்கிழமை கம்பெனி மேடத்தையே கூட்டிட்டு வர்றேன். புதுப் பை. உன் தொட்டியிலயே போட்டுப் பார்ப்போம். வால் வந்தா கையெழுத்து வேணாம். வரலைன்னா வாயை மூடிக்கிட்டு போடணும்" என்றான். "சரி, கூட்டிட்டு வா" என்றேன்.

என் வீட்டுக்காரர் வின்ச் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுக்கொண்டிருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என் அண்ணன் "மாப்ளே" என்று குரல் கொடுத்தால் போதும், "சொல்லுங்க மச்சான்" என்று பாதி எழுந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான்.

"போட்டுத் தொலைச்சிடேன்" என்றார் சாப்பிடும்போது.

"எதை?"

"கையெழுத்தைத்தான். கொட்டகை போச்சுன்னா நாம எங்க போறது? இவ்வளவு பெரிய தொட்டியை எவன் தன் இடத்துல வச்சுக்க விடுவான்?"

"அதுல வரப்போறது என் மூஞ்சி. உங்க மூஞ்சியை வேணா குடுங்க, போடறேன்."

அவர் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணனாவது எதிரே நின்று மல்லுக்கு வருகிறான். இந்த மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே என்னைக் கைகழுவிவிடுகிறார்.

வியாழக்கிழமை கம்பெனியின் கொள்முதல் அதிகாரி வந்தாள். இஸ்திரி கலையாத சட்டை, சத்தம் வராத செருப்பு. "எங்க கம்பெனி ஒரு திறந்த புத்தகம்" என்று வந்ததும் சொன்னாள். உட்கார்ந்ததும் சொன்னாள். தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டும் சொன்னாள். எனக்கு அதுவே அவள் பெயராகிவிட்டது.

தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, புதுக் கயிறு மாட்டினோம். அண்ணன் கொண்டுவந்த மூட்டையைப் பிரித்து என் வீட்டுக்காரர் பைகளைக் கொட்டினார். இறக்கை சுற்றியது. ஒரு டீ ஆறுகிற நேரம்தான் ஆகியிருக்கும், எல்லாம் கஞ்சி மாதிரி கரைந்துவிட்டது. கயிற்றை மேலே இழுத்தார். கூழ் சொட்டியதே தவிர, அதில் ஒரு இழை பிளாஸ்டிக் இல்லை.

"பாத்தியா? பாத்தியா?" என்று அண்ணன் குதித்தான். திறந்த புத்தகம் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரம் எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும்கூட இருந்தது. நிஜமாகவே திருந்தித் தொலைத்துவிட்டானோ, நான்தான் அநியாயமாகக் கரித்துக்கொட்டினேனோ என்று நினைத்தேன். மூட்டையில் மிச்சமிருந்த பை ஒன்றை எடுத்து உள்ளே கையை விட்டேன். உள்ளேயும் காகிதம்தான். சொரசொரவென்று இருந்தது. வழவழப்பே இல்லை.

"அண்ணே, இதுல சோப்பு ஊத்தினா நிக்குமா?"

"அது எங்க ஃபேக்டரி விஷயம். நீ கூழைப் பாரு."

நான் குழாயடிக்குப் போய்ப் பையில் தண்ணீர் பிடித்தேன். "ஏய், ஏய்!" என்று பின்னாலேயே ஓடிவந்தான். பிடிகொடுக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் முன்னால் போய் நின்றேன். பை முதலில் கறுத்தது. அப்புறம் வியர்த்தது. அப்புறம் அடிப்பக்கம் பிய்த்துக்கொண்டு மொத்தத் தண்ணீரும் அவளுடைய சத்தம் வராத செருப்பின்மேல் கொட்டியது.

"ஒட்டு இல்லாத பையைத் தனியா செஞ்சு கொண்டுவந்து கூழாக்கிக் காட்டறான் மேடம். கடைக்கு வரப்போறது ஒட்டுப் போட்ட பை. உங்களை நல்லா ஏமாத்தறான்!"

இன்றைக்கு இவன் மாட்டினான் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். அவளோ கைப்பையிலிருந்து காகிதம் எடுத்துச் செருப்பைத் துடைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வெறும் பேப்பர்ல தண்ணி நிக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்க உறுதி குடுக்கப் போறது இந்தப் பைக்கு. இந்தப் பை கூழாச்சு. நீங்களும் பார்த்தீங்க, நானும் பார்த்தேன். இதுல பொய் எங்க இருக்கு?"

"அப்ப ஜனங்க காசு குடுத்து வாங்கற பை?"

"அதைப் பத்தி இந்தத் தாள்ல கேள்வியே இல்லையே. கேட்டதுக்கு நாங்க ஒளிக்காம பதில் சொல்றோம். இதைவிட என்ன திறந்து காட்ட முடியும்?"

அண்ணன் சிரித்தான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். கிழிந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தான் அங்கே கோமாளி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"வால் வரலை. சொன்ன சொல்லைக் காப்பாத்து" என்றான் அண்ணன். "இல்லைன்னா இன்னிக்கே கொட்டகையைப் பூட்டறேன்."

"சரி, கொண்டா."

வின்ச் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். தாளை மேஜையில் வைத்து, அச்சடித்த வரிக்குக் கீழே என் கையால் எழுதினேன். 'இந்தப் பையில் எதையும் ஊற்ற முடியாது. ஊற்ற முடிகிற பை எங்கள் ஆலையில் கூழாகாது.' அதற்குக் கீழே கையெழுத்தைப் போட்டு, மில் முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.

திறந்த புத்தகம் அதைப் படித்தாள். அவள் முகம் கோணியது அப்போதுதான்.

"இதை நாங்க வெளியில போட முடியாது."

"ஏன்? புத்தகம் திறந்துதானே இருக்கு? இதையும் ஒரு பக்கமா சேர்த்துக்குங்க."

அண்ணன் மேஜையைத் தட்டினான். "மேல இருக்கற ஒரு வரியோட நிறுத்தியிருந்தா உனக்கு என்னடி குடி முழுகிப்போச்சு? ஒரு வரி! பொறாமைடி உனக்கு. நான் நல்லா இருந்தா உன் வயிறு எரியுது."

"எரியுதுதான். உன்னால வர்ற புகையை நான்தானே முழுங்கறேன்."

அவன் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு வின்ச் பக்கம் திரும்பினான். "மாப்ளே, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மில் உங்க பேர்லயும்தானே இருக்கு? இன்னொரு தாள் இருக்கு. நீங்க போடுங்க."

அந்த அம்மாள் இன்னொரு தாளை எடுத்துத் தயாராக வைத்தாள். இதை நான் யோசிக்கவே இல்லை. மில் எங்கள் இரண்டு பேர் பேரிலும்தான் இருக்கிறது. அவர் கையெழுத்து ஒன்றே போதும்.

"சொல்லுங்க மச்சான்" என்று என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கத்தி என்ன, அழுது என்ன, இந்த மனுஷர் போடத்தான் போகிறார். கையைத் துணியில் துடைத்து, உட்கார்ந்து, தாளை நிதானமாகப் படித்தார். அண்ணன் அவர் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

அவர் பேனாவைத் திறந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கீழே என்ன எழுதினே? சொல்லு. நானும் அதையே எழுதறேன்."

ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன், அவர் எழுதினார். அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான். கையெழுத்தைப் போட்டு, அந்த அம்மாளிடம் தாளை மரியாதையாக நீட்டிவிட்டு, அவர் அண்ணனிடம் கேட்டார்.

"கொட்டகையை எப்ப காலி பண்ணணும் மச்சான்?"

"இப்பவே! இந்த நிமிஷமே!"

"இப்ப லாரி கிடைக்காது. ஞாயித்துக்கிழமை எடுத்துடறோம்."

எங்கே எடுத்துப் போவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை வருஷம் அந்த மனுஷரை எத்தனை திட்டுத் திட்டியிருக்கிறேன். அழுதால், கொட்டகைக்காக அழுகிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொள்வான். அதனால், "என்ன உட்கார்ந்துட்டீங்க, இன்னும் அவ்வளவு அட்டை கிடக்கு, மெஷினைப் போடுங்க" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.